சிங்கவேள்குன்றம்: செல்லுதற்கரிய மலை (பெரிய திருமொழி, முதற்பத்து, ஏழாந்திருமொழி)

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழியில், முதற்பத்தின் ஏழாந்திருமொழி சிங்கவேள்குன்றம் என்னும் அஹோபில திவ்யதேசத்தைப் பற்றியது. ஆழ்வார்களில் இத்திவ்யதேசத்தை மங்களாசாஸனம் செய்தருளியவர் இவர் ஒருவரே. இப்பதிகத்தைப் பொருளோடு ஸேவிப்பவர்க்கு ஒரு விஷயம் முதலிலேயே வியப்பைத் தரும். ஒரு திவ்யதேசத்தைப் பாட வந்தவர், அவ்விடத்தின் பெருமையைச் சொல்லி நம்மை அங்கே அழைப்பார் என்றல்லவா எதிர்பார்ப்போம்? இங்கே ஆழ்வார் அழைக்கவில்லை. போக இயலாது என்கிறார். அதுவும் ஒரு முறையன்று. நாலாம் பாசுரத்தில், தெய்வங்களையன்றி வேறொருவரும் அங்கே செல்ல வல்லரல்லர் என்கிறார். ஐந்தாம் பாசுரத்தில், நேரே சென்று ஸேவிப்பது அரிது என்கிறார். ஏழாம் பாசுரத்தில், தினையளவு தூரமும் உள்ளே அடியெடுத்து வைக்க முடியாது என்று கதவையே அடைத்துவிடுகிறார். இவ்வளவும் சொன்னவர் ஒன்பதாம் பாசுரத்தில் தம் நெஞ்சைக் கொண்டாடி, அப்பெருமானை நாம் தொழுவோம் என்கிறார். போக முடியாத இடத்தைத் தொழுவது எங்ஙனே? இக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வியாசம்.

பதிகத்தின் வைப்புமுறையை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். முதற்பத்தில் ஆழ்வார் இமயத்தின் திருப்பிரிதியிலே தொடங்கி, வதரி, சாளக்கிராமம், நைமிசாரணியம் என்று இறங்கி, சிங்கவேள்குன்றத்திற்கு வந்து, பின்னர் திருவேங்கடத்தை அடைகிறார். பெரும்பாலும் மலையும் காடுமான வழி. பாடியவரோ சமவெளியில் திருவவதரித்தவர். திருக்குறையலூர் சீர்காழிப் பக்கத்துச் சோழநாட்டு வயல்களின் நடுவே இருப்பது. கொள்ளிடத்துக்கு வடகரையில், சிதம்பரத்துக்கு மேற்கே கீரப்பாளையத்தில் வாழும் எங்களுக்கு அவர் ஏறக்குறைய பக்கத்து ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் வாய்க்கால் கரையும் வீராணம் ஏரிக் கரையுந்தான். மலை ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டால் கடலூர் அருகே திருவஹீந்த்ரபுரம் சென்று, ஔஷதகிரியின் எழுபத்துநான்கு படிகளை ஏறி ஹயக்ரீவனை ஸேவித்துவிட்டு வருவோம். ஸ்வாமி தேசிகன் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த மலை அது. ஏறுவதற்குக் கால்நாழிகை போதும். இப்படிப்பட்ட மலையையே அறிந்தவர்களுக்குச் சிங்கவேள்குன்றப் பதிகம் முதலில் மிகையான வர்ணனையாகத் தோன்றினால் வியப்பில்லை.

மிகையன்று என்பதை அறிய அங்கே ஒருமுறை நடக்கவேண்டும். ஆந்திர தேசத்தில், முன்பு கர்நூல் மாவட்டமாகவும் 2022 முதல் நந்தியால் மாவட்டமாகவும் உள்ள பகுதியில், ஆள்ளகட்டா என்னும் ஊரிலிருந்து கிழக்கே நல்லமலைத் தொடருக்குள் புகுந்தால் அஹோபிலம். கீழ் அஹோபிலத்தில் ப்ரஹ்லாதவரதன் ஸந்நிதி சமநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் சென்றால் மேல் அஹோபிலம். பேருந்து அதுவரை செல்கிறது. குகையிலே எழுந்தருளியிருக்கும் அஹோபில நரஸிம்ஹன் ஸந்நிதிக்கு அப்பால் சாலை இல்லை. பவநாசினி என்னும் காட்டாறு மலைப் பிளவினூடே இறங்கி வருகிறது. பிறவியை அழிப்பவள் என்பது அப்பெயரின் பொருள். அவ்வாற்றையே வழியாகக் கொண்டு மேலேறவேண்டும். சில இடங்களில் படிகள் உண்டு; சில இடங்களில் நீரினிடையே கிடக்கும் உருண்டைக் கற்களே படி. இருபுறமும் பாறைகள் அடுக்கடுக்காக, ஏடுகளைச் சாய்த்து அடுக்கினாற்போல நிற்கின்றன. அடிவாரத்தில் மூங்கிற்கோல் தருகிறார்கள். அதை வாங்காமல் ஏறும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறோம். திரும்பும்போது அவர்களும் யாரிடமாவது ஒரு கோல் கேட்கிறார்கள்.

அவ்வழியே சென்றால் ஜ்வாலா நரஸிம்ஹன் ஸந்நிதி. ஹிரண்யனை மடியிலிட்டுப் பிளந்த இடம் என்பது ஸம்ப்ரதாயம். அருகிலேயே எம்பெருமான் திருக்கையைக் கழுவியதாகச் சொல்லும் ரக்தகுண்டம் இருக்கிறது. பெரும்பாலோர் இதுவரை வந்து திரும்புவர். திடமுள்ளவர்கள் இன்னொரு கிளைவழியில் உக்ரஸ்தம்பத்திற்கு ஏறுவர். தூண் பிளந்து நரஸிம்ஹன் தோன்றிய இடம் என்று கொண்டாடப்படும், மலையே இரண்டாகப் பிளந்தாற்போன்ற சிகரம் அது. அங்கே வழி என்று சொல்வது உபசாரம். கையால் கல்லைப் பற்றி, காலுக்கு இடம் தேடி, முன்னே செல்பவர் உருட்டிவிடும் கல்லுக்குத் தலையை விலக்கிக்கொண்டு ஏறவேண்டும். குன்று பெரிதன்று, கீழே நின்று பார்த்தால் இதோ என்று தோன்றும். ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இவ்வாறு நடந்து வந்தபின் பதிகத்தை மீண்டும் ஸேவித்தால், ஆழ்வார் வர்ணித்தவை ஒவ்வொன்றும் அடையாளம் தெரிகின்றன. மூன்றாம் பாசுரத்தில் உடைந்த குன்றுகளையும், களைத்து ஓய்ந்த விலங்குகளையும், நெருப்பில் தேய்ந்த மூங்கில்களையும் தவிர வேறொன்றும் அங்கில்லை என்கிறார். உடைந்த குன்று என்பது அலங்காரமன்று. கண்ணுக்கு நேரே நிற்பது. ஆறாம் பாசுரத்தில் மூங்கிற்புதர் சூழ்ந்த குகையிலிருந்து புலி, யானை போன சுவட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்றும் நல்லமலைக்காடு நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகத்தைத் தன்னுள் கொண்டது. எட்டாம் பாசுரத்தில் வாகையின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன. கல்வழியில் மூங்கில்கள் உராய்ந்து பற்றிய தீயினால் ஆகாயம் சிவக்கிறது. கோடையில் அக்காட்டில் தீப்பற்றுவது இன்றும் நிகழ்வதே. யாத்திரை செல்வோர் ஐப்பசிக்கு மேல் மாசிக்குள் செல்வதன் காரணமும் அதுதான்.

இரண்டாம் பாசுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வேடர்கள் வழிப்போக்கரின் சாத்துகளை மறித்து அடிக்கிறார்கள். அவர்களது துடியின் முழக்கம் ஓய்வதில்லை. இதைப் பாடியவர் யார்? ததீயாராதனத்திற்குப் பொருள் வேண்டி வழிப்பறி செய்து, அவ்வழியிலேயே எம்பெருமானிடம் அகப்பட்டுத் திருமந்த்ரம் பெற்றவர். துடியின் ஓசையை அவர் காதால் கேட்டு எழுதினார் என்பதைவிட, கையால் அறிந்து எழுதினார் என்பதே பொருந்தும். வ்யாக்யாதாக்கள் இதைச் சொன்னார்கள் என்று கொள்ளவேண்டா. ஸேவிக்கும்போது நமக்குத் தோன்றியது.

இனி, இக்கொடுமைகளையெல்லாம் ஆழ்வார் ஏன் இத்தனை உகப்போடு அடுக்குகிறார்? பெரியவாச்சான்பிள்ளை வ்யாக்யானத்தின் வழியே பெரியோர் காட்டும் திருவுள்ளக்கருத்து இது. நரஸிம்ஹனாய் வந்து நிற்கும் எம்பெருமானுக்கு என்ன தீங்கு நேருமோ என்று ஆழ்வார் திருவுள்ளம் அஞ்சுகிறது. பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய மனநிலையே இது. ஸர்வசக்தனுக்கு அஞ்சுவதா என்று கேட்டால், அன்பு அப்படித்தான் செய்யும். பிள்ளை எவ்வளவு பலசாலியானாலும் தாய் வாசலிலே நிற்பதில்லையா? அவ்வச்சத்தோடு ஆழ்வார் மலையைப் பார்க்கிறார். கல், தீ, புலி, வில்லெடுத்த வேடர், சுழற்காற்று. ஆஸுர ப்ரக்ருதிகள் எவரும் கிட்ட முடியாத இடம்! தெய்வங்களுக்கே எட்டும் என்றால் பகைவர்க்கு எட்டாது. அப்போது அவர் அச்சம் தீர்கிறது. மலையின் கொடுமை எம்பெருமானுக்கு மதிளாகிறது. முதற்பாசுரத்தில், சிவந்த கண்ணையுடைய ஆளிகள் யானைக்கொம்பைக் கொணர்ந்து பக்தியோடு திருவடிகளிலே இட்டு வணங்குவதாகச் சொன்னதும், பத்தாம் பாசுரத்தில் அதையே மீட்டும் எடுத்ததும் இங்கே பொருள்பெறுகின்றன. அக்காட்டின் கொடிய விலங்கும் அவனுக்கு அடிமைப்பட்டதே. பகையாவது வெளியிலிருந்து வருவது மட்டுமே.

ஆகவே மலையின் அருமை நம்மைப் பரீட்சிப்பதற்காக வைத்ததன்று. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து பாகவதர்கள் இருபதின்மர்க்கு மேல் அஹோபில யாத்திரை சென்றோம். பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். மேல் அஹோபிலத்தில் எட்டுப் பேர் அங்கேயே தங்கிவிட, மற்றவர்கள் ஏறினோம். ஜ்வாலா நரஸிம்ஹன் ஸந்நிதியில் மேலும் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். இறுதியில் உக்ரஸ்தம்பம் வரை சென்றவர்கள் ஐவரே. அவ்வைவரில் நாம் இல்லை. மாலையில் எல்லோரும் கூடியபோது, மேலேறி வந்த ஒருவர் உத்ஸாஹத்தில், உக்ரஸ்தம்பத்தைத் தொடாதவர்க்கு யாத்திரை பூர்த்தியாகாது என்று சொல்லிவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முழங்கால் வலியால் குகை ஸந்நிதியைத் தாண்டாத ஒரு மாமி அன்றிரவு நம்மிடம் வந்து, "நாற்பது வருஷமா இந்த மலைக்கு வரணும்னு காத்துண்டிருந்தேன் ஸ்வாமி. வந்தும் ஏற முடியலை. என் யாத்திரை குறைதானே?" என்று கேட்டார். "குறையில்லை மாமி" என்று சொல்வது எளிது. ஆனால் அவர் கேட்டது ஆறுதல் வார்த்தையன்று; ஆழ்வார் வார்த்தையில் அதற்கு ஆதாரம் உண்டா என்பது.

இப்பொழுது நவநரஸிம்ஹ யாத்திரை எண்ணிக்கையாகிவிட்டது. பாவனம், பார்கவம் முதலியவற்றிற்கு ஜீப்பில் செல்கிறோம். ஜ்வாலாவுக்கு டோலி கிடைக்கிறது. ஒன்பதும் ஆயிற்றா, ஒன்றரை நாளில் முடிந்ததா என்று விசாரித்துக்கொள்கிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வரவு செலவைச் சரிபார்த்த நமக்கு எண்ணிக்கையின்மேல் வெறுப்பில்லை. ஆனால் எண்ணவேண்டிய இடம் வேறு. ஆழ்வார் இப்பதிகத்தில் ஒன்பது ஸந்நிதிகளை வரிசையிடவில்லை. உச்சியை அடைந்தவர்க்கு இன்ன பலம், பாதியில் நின்றவர்க்கு இன்ன பலம் என்று விகிதம் வைக்கவில்லை. பலம் சொல்லும் பத்தாம் பாசுரத்தில், இச்சொல்மாலையில் வல்லவர்கள் தீதற்றவர் ஆவர் என்றே தலைக்கட்டுகிறார். ஏறியவர் என்றன்று, ஓதவல்லவர் என்று. அவ்வெட்டுப் பேர் குகை ஸந்நிதி வாசலில் அமர்ந்து, நாங்கள் திரும்பும்வரை இப்பத்துப் பாசுரங்களையும் திரும்பத் திரும்ப ஸேவித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே குறிக்கவேண்டும்.

ஆனால் பலச்ருதியைவிட ஒன்பதாம் பாசுரமே மாமியின் கேள்விக்கு நேர் விடை. எட்டுப் பாசுரங்களில் ஆழ்வார் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நரஸிம்ஹனின் சீற்றத்தையும் மலையின் கொடுமையையும் மாற்றி மாற்றிச் சொல்லிவந்தார். ஒன்பதாவதில் பாட்டின் குரல் மாறுகிறது. நெஞ்சை நல்ல நெஞ்சே என்று தட்டிக்கொடுக்கிறார். அதுவரை உகிரும் எயிறுமாய்த் தோன்றியவன், தாமரையாள் தழுவ நின்ற ஆயிரந்தோளனாகத் தோன்றுகிறான். மாலோலன் என்று நாம் கொண்டாடும் வடிவை இங்கே நினைக்கலாம். நெருப்பும் புலியும் அங்கே இல்லை. நெல்லிமரங்கள் செழித்துக் கல்லைப் பிளந்து நிற்கின்றன; வழியில் சிள்வண்டின் ஒலி ஓயாது கேட்கிறது. அதே மலைதான். பவநாசினியின் ஓரத்தில், நண்பகலில் எல்லோரும் களைத்து அமர்ந்திருக்கும்போது, நீரோசைக்கு மேலே எழும் அச்சிள்வண்டொலியைக் கேட்டவர்கள் பாக்யசாலிகள். கல்லைப் பிளக்கும் வேர் எவ்வளவு மெல்லியது என்பதையும் அங்கே காணலாம். தூணைப் பிளந்தவன் மலையில் மரமும் கல்லைத்தான் பிளக்கிறது.

கால் செல்லாத இடத்திற்கு ஆழ்வார் யாரை அனுப்புகிறார் என்பது இப்போது விளங்கும். நெஞ்சு முன்னே சென்றுவிட்டது. அதனால்தான் அதைக் கொண்டாடுகிறார். அடுத்த திருமொழியைப் பாருங்கள். எட்டாந்திருமொழி திருவேங்கடத்தைப் பற்றியது. அங்கே பாசுரந்தோறும் ஆழ்வார் நெஞ்சை விளித்து, திருவேங்கடத்தை அடைவாயாக என்று ஏவுகிறார். சிங்கவேள்குன்றத்தில் தேர்ச்சிபெற்ற நெஞ்சுக்கே திருவேங்கடப் பயணம் விதிக்கப்படுகிறது. இரு பதிகங்களையும் சேர்த்து ஸேவிப்பவர்க்கே இத்தொடர்பு புலப்படும். தனித்தனியே எடுத்தால் நழுவிவிடும்.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழலாம். அப்படியானால் உடலால் செல்லவே வேண்டாவா? இதே முதற்பத்தின் மூன்றாந்திருமொழியில், முதுமை வந்து, கோலை ஊன்றி, கூனி, தளர்ந்து உட்காரும் காலம் வருவதற்கு முன்னே வதரியை வணங்குவோம் என்று இவ்வாழ்வார்தாமே அருளிச்செய்யவில்லையா? நம்மாழ்வாரும் திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முடிவில், இளமை கெடுவதற்கு முன்னே திருமாலிருஞ்சோலைமலையைச் சேர்வதே அழகு என்கிறாரே? உண்மை. உடலில் வலியுள்ளவன் ஓய்வுபெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதை ஆழ்வார்கள் இருவரும் மன்னிக்கவில்லை. அயல்நாடுகளில் வாழும் இளைய பாகவதர்கள் இவ்விரு பதிகங்களையும் விசேஷமாக ஸேவிக்கவேண்டும். விடுமுறை கிடைக்கும்போது என்பது ஒருபோதும் வாராத நாள்.

ஆயினும் நம்மாழ்வாரின் அப்பதிகம் முதற்பாசுரத்தோடு நின்றுவிடவில்லை. மலையைச் சேர்வது என்று தொடங்கியவர், மேலே செல்லச்செல்ல, அதன் அயலிலுள்ள மலையை அடைவதும் தக்க செயலே என்கிறார். புறமலையின் பக்கம் போவதும் நல்வழியே என்கிறார். அம்மலைக்குச் செல்லும் வழியை நினைப்பதும் நன்மையே என்கிறார். ஒன்பதாம் பாசுரத்தில் தொழவேண்டும் என்று எண்ணித் துணிவதையே கொண்டாடுகிறார். வாசலை அவர் குறுக்கவில்லை. பாசுரத்துக்குப் பாசுரம் அகலமாக்குகிறார். நாற்பது வருஷம் மலையை நினைத்துக் காத்திருந்து, குகை வாசல்வரை வந்த ஒருவரை இவ்வாசல்களில் எது தடுக்கும்?

திருமங்கையாழ்வாரிடமே இன்னும் தெளிவான வார்த்தை இருக்கிறது. அது எங்கள் ஊர்ப்பக்கத்து வார்த்தை. பெரிய திருமொழி மூன்றாம் பத்தின் இரண்டாந்திருமொழி தில்லைத் திருச்சித்திரகூடத்திற்கு உரியது. அதன் முதலிரு பாசுரங்களில், உண்ணாமல் உடலை வாட்டி, ஐம்புலன்களை நோவச்செய்து, காய்கனியை உண்டு, கடுங்காற்றை நுகர்ந்து, ஐந்து தீயின் நடுவே நின்று தவம் செய்யவேண்டா. திருச்சித்திரகூடம் சென்று சேருங்கள் என்கிறார். அங்கே விலக்கும் தீயும் காற்றும், சிங்கவேள்குன்றத்தில் அவர் உகந்து பாடிய தீயும் காற்றும் எப்படி வேறாயின? குன்றத்தில் அவை எம்பெருமானுக்குக் காவல். தில்லையில் விலக்கியவை, நம் சிரமத்தை உபாயமாக நினைத்து நாம் மூட்டிக்கொள்பவை. முன்னது அவனுடைமை, பின்னது நம் அஹங்காரம். மலை ஏறுவது அவனிடத்துள்ள ஆசையால் செய்யும் கைங்கர்யமாக இருந்தால் குறையில்லை. ஏறிய களைப்பையே விலையாகக் கொடுத்து மோக்ஷத்தை வாங்கலாம் என்று எண்ணினால், அவ்வெண்ணத்தை ஆழ்வார் தில்லையிலேயே அறுத்துவிட்டார். நம் ஸம்ப்ரதாயத்தில் உபாயம் அவனே என்பதை இரண்டு பதிகங்களைப் பக்கத்தில் வைத்து இவ்வளவு எளிதாக அறிந்துகொள்ளலாம்.

சித்திரகூடம் என்பது மலையின் பெயர் என்பதையும் மறக்கலாகாது. சக்ரவர்த்தித் திருமகன் பிராட்டியோடும் இளையபெருமாளோடும் வனவாசத்தில் தங்கிய மலை அது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலாக இருக்கும் தில்லையில் அப்பெயரை வழங்கி, குலசேகராழ்வார் ராம சரிதம் முழுவதையும் அங்கே பாடியருளினார். மலையே இல்லாத ஊருக்கு மலைப்பெயர் வந்தது எங்களைப் போன்ற சமவெளியாருக்காகவே என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

கீரப்பாளையத்திலிருந்து அவ்விடம் டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரமே. சயனத்திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கும் கோவிந்தராஜன் ஸந்நிதியை அடையப் பவநாசினியைக் கடக்கவேண்டியதில்லை. எங்கள் கோஷ்டியில் அன்று மேலே ஏறாமல் தங்கிய எட்டுப் பேரில் நால்வர், அம்மாமி உட்பட, திரும்பி வந்தபின் ஒவ்வொரு மாதமும் திருவோணத்தன்று அங்கே சென்று, தில்லைப் பதிகங்களோடு சிங்கவேள்குன்றப் பதிகத்தையும் சேர்த்து ஸேவித்து வருகிறார்கள். தில்லையில் ஏன் சிங்கவேள்குன்றம் என்று ஒருநாள் ஒருவர் கேட்டதற்கு, "இங்கே படியே இல்லையே, அதனால அந்த மலையையும் இங்கேயே ஏறிண்டிருக்கோம்" என்று மாமி சொன்னார்.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.